விஸ்கான்சினில் ஒன்பது புள்ளி

ஒன்பது என்கிற எண்ணைப் பார்த்து ஒரு மனுஷன் இவ்வளவு பயப்பட முடியும் என்று ஜொலீன் ஷிமெக் அதுவரை நினைத்ததில்லை.

அவள் மேஜைக்கு எதிரே முதலாளி ரோலண்ட் ஸாஸ்ட்ரோ நின்றுகொண்டிருந்தார். உடம்பில் பச்சையும் மஞ்சளுமாக பேக்கர்ஸ் கால்பந்து அணியின் சட்டை. ஞாயிற்றுக்கிழமை, ஆட்ட நாள். விஸ்கான்சினில் அன்றைக்கு வேறு சட்டை போட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் சட்டைக்கு மேலே இருந்த முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை.

"மூணுன்னு போடு, ஜோ," என்றார். "மூணு போதும். எவனும் எதுவும் கேக்க மாட்டான்."

"வந்தது ஒன்பது."

"வந்ததை யாரு பார்த்தா? நீயும் நானும். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர். அது வாயைத் திறக்காது."

ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. முன்னாள் ஆளுநர் ரெட்மண்டும் செனட்டர் காஃப்லினும் மோதிக்கொண்டிருந்தார்கள். நாடு முழுக்க யார் முன்னணி என்று கேட்பதெல்லாம் பேச்சுக்குத்தான். உண்மையான சண்டை நாலைந்து மாநிலங்களில்தான். அதில் விஸ்கான்சின் ஒன்று. இங்கே நூறு வீட்டுக்கு ஒரு வீடு மனசு மாறினால் வாஷிங்டனில் ஆளே மாறிவிடும். அதனால் அந்த மாதம் விஸ்கான்சின்காரனுக்கு நிம்மதியாகச் சாப்பிட முடியாது. வாயில் வைத்தால் போன் அடிக்கும், யாருக்குப் போடப் போகிறீர்கள் என்று ஒரு குரல் கேட்கும்.

மற்ற கருத்துக்கணிப்புகள் எல்லாமே சொல்லி வைத்தாற்போல் ஒரே மாதிரி வந்திருந்தன. இரண்டு பேரும் சமம், இல்லாவிட்டால் ரெட்மண்டுக்கு ஒரு புள்ளி கூடுதல். ஜொலீன் நடத்திய கணிப்பில் மட்டும் ரெட்மண்ட் ஒன்பது புள்ளி முன்னால் நின்றார்.

அது மில்வாக்கியின் பெரிய நாளிதழுக்காக நடத்திய கணிப்பு. திங்கட்கிழமை காலை முதல் பக்கத்தில் வர வேண்டியது. கீழே வழக்கம்போல் ஒரு வரி இருக்கும்: கணிப்பை நடத்தியவர் ஜொலீன் ஷிமெக். அந்த ஒரு வரிதான் அவளுடைய சொத்து. போன தேர்தலில் அந்த வரிக்கு மேலே இருந்த எண் தப்பாகிப்போனது. அவள் ஜெயிப்பார் என்று சொன்னவர் தோற்றார். உள்ளூர் டி.வி.யில் ஒருவன் அவள் பெயரையே கேலியாக்கி, வானிலை அறிக்கையில் 'மழை வராதென்று ஷிமெக் சொல்லிவிட்டார், குடை எடுங்கள்' என்று நாலு மாதம் ஓட்டினான். மளிகைக் கடையில் கடன் அட்டையை நீட்டினால், காசாளர் பெயரைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்வார். இந்தத் தடவை பத்திரிகையின் ஆசிரியர் பெவர்லி ஆம்ஸ்டட் பழைய நட்புக்காக இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். இதிலும் தப்பானால், அந்தப் பெயரை நம்பி ஒரு பள்ளிக்கூடக் குழுத் தேர்தலுக்குக்கூட யாரும் கருத்துக் கேட்க அனுப்ப மாட்டார்கள்.

ரோலண்ட் சொன்ன வழி அவளுக்குத் தெரியாததல்ல. கல்லூரிக்குப் போனவர்களின் பதிலுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை, வடக்கே காட்டுப் பக்கத்து ஆட்களின் பதிலுக்குக் கொஞ்சம் குறைச்சல் எடை என்று இங்கே ஒரு தட்டு அங்கே ஒரு தட்டுத் தட்டினால் ஒன்பது மூன்றாகிவிடும். இந்தத் தொழிலில் அதற்கு மந்தையோடு மேய்வது என்று பெயர். எல்லோரும் தப்பானால் யாரையும் தனியாக அடிக்க மாட்டார்கள். தனியாக நின்று தப்பானால்தான் தோலை உரிப்பார்கள்.

"என்னால முடியாது, ரோலண்ட். போன தடவை நான் தப்புப் பண்ணேன். ஆனா பொய் சொல்லலை."

ரோலண்ட் சட்டையின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி அம்மணி. அப்ப அந்த ஒன்பதை எனக்கு நிரூபிச்சுக் காட்டு. ஆட்டம் முடிஞ்ச கொஞ்ச நேரத்துல பெவர்லிக்கு எண்ணைக் கொடுக்கணும். அதுக்குள்ள நீ காட்டலைன்னா நான் மூணுன்னு சொல்லிடுவேன். கம்பெனி என்னுது."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அலுவலகம் மில்வாக்கியை ஒட்டிய வெஸ்ட் ஆலிஸில் ஒரு மதுக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஆட்டம் தொடங்கி முதல் கத்தல் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது. பொரித்த சீஸின் வாசனையும் கூடவே வந்தது.

ஜொலீன் எண்களுக்குள் இறங்கினாள். ஒன்பதைக் காப்பாற்றத்தான் இறங்கினாள், குறை கண்டுபிடிக்க அல்ல. பேசிய ஆட்கள் மொத்தம் எண்ணூற்று நாற்பது பேர். ஆணும் பெண்ணும் சரியாக இருந்தார்கள். வயது சரி. மில்வாக்கி சரி, கிரீன் பே சரி.

மேடிசனில் வந்து மாட்டிக்கொண்டாள்.

மேடிசன் பல்கலைக்கழக ஊர், காஃப்லினின் கோட்டை. அங்கே கடைசிவரை பேசியவர்கள் ரொம்பக் குறைவு. போனை எடுக்காமல் இருந்தார்களா என்று பார்த்தாள். எடுத்திருந்தார்கள். முதல் கேள்வியிலேயே வெளியே போய்விட்டிருந்தார்கள். முதல் கேள்வி, நவம்பர்த் தேர்தலில் ஓட்டுப் போடுவீர்களா என்பது. இல்லை என்றால் நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும். ஓட்டுப் போடாதவரின் விருப்பத்தை வைத்து என்ன செய்வது? செப்டம்பரில் மாநிலம் முழுக்க நாற்பது பேர் அப்படி இல்லை என்றிருந்தார்கள். இந்தத் தடவை நூற்று முப்பத்தெட்டு பேர்.

தேர்தல் நெருங்க நெருங்க ஓட்டுப் போடும் ஆசை குறையுமா? அவள் அந்த நூற்று முப்பத்தெட்டு பேரில் பாதியை மேலோட்டமாகப் பார்த்தாள். வாக்காளர் பதிவேட்டின்படி பெரும்பாலும் ஒரு தேர்தலைக்கூட விடாத ஆட்கள். ஏப்ரல் மாதம் பனி கொட்டும்போது, ஊர்க்குழுவில் ஒரே ஒரு இடத்துக்கு நடக்கும் தேர்தலுக்குக்கூட காலணியில் சங்கிலி மாட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டவர்கள். அவர்களா ஜனாதிபதித் தேர்தலுக்கு வர மாட்டேன் என்கிறார்கள்?

ஆட்டம் ஓடும்போது விஸ்கான்சினில் போன் அடிப்பது வீண் வேலை. எடுக்கவே மாட்டார்கள். ஆட்டம் பார்க்காத ஆள் யாராவது இருக்க வேண்டும். எலாய்ஸ் டோர்ன், வயது எழுபத்தொன்று, மேடிசன், ஓய்வுபெற்ற நூலகர். அந்தப் பெயரின்மேல் பந்தயம் கட்டி எண்ணை அழுத்தினாள்.

மூன்றாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"எதையாவது விக்கிற ஆளா இருந்தா இப்பவே வெச்சிடு," என்றது ஒரு வயதான குரல்.

ஜொலீன் தன் பெயரையும் வேலையையும் சொன்னாள். கருத்துக்கணிப்பு என்றதும் குரல் இன்னும் இறுகியது. போன வாரம் கூப்பிட்ட பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு முகத்தில் அடித்த மாதிரி வைத்துவிட்டாள் என்றும், இதுதான் உங்கள் மரியாதையா என்றும் கேட்டார் எலாய்ஸ் டோர்ன். ஜொலீன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள்.

"மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேனே."

கணிப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. பதிலை வாங்கிக்கொள், ஏன் என்று கேட்காதே. ஜொலீன் இருபது வருஷத்தில் அதை மீறியதில்லை. அன்றைக்கு மீறினாள்.

"நீங்க ஒரு தேர்தலைக்கூட விட்டதில்ல, மிஸஸ் டோர்ன். இந்தத் தடவை மட்டும் ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?"

 மந்தமான பிள்ளைக்குப் பாடம் சொல்கிற நிதானத்தில் பதில் வந்தது.

"அம்மாடி, நான்தான் தபால்ல ஓட்டைப் போட்டு அனுப்பிட்டேனே. திரும்ப ஒருதரம் போட்டா ஜெயில்ல தள்ளுவாங்க. இந்த வயசுல எனக்கு அது தேவையா?"

ஜொலீன் போனைக் காதில் வைத்தபடியே அந்த நூற்று முப்பத்தெட்டு பேரின் பட்டியலைத் திரும்பப் பார்த்தாள்.

"இருக்கியா?"

"இருக்கேன். ஏற்கனவே போட்டுட்டேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"அவ அதைக் கேக்கலையே. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

அதுதான் விஷயம். இந்த மாநிலத்து ஆட்கள் அப்படித்தான். கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததை எடுத்துச் சொல்வது அவர்களுக்கு அதிகப்பிரசங்கித்தனம். அழைத்ததோ நெப்ராஸ்காவில் இருக்கும் ஒரு வாடகைக் கம்பெனியின் ஆட்கள். எழுதிக்கொடுத்ததைப் படி, உரையாடாதே என்று அவர்களுக்கு உத்தரவு. ஒருத்தர் இல்லை என்றார், இன்னொருத்தர் நன்றி என்றார், கதை முடிந்தது. அக்கறையாக முதலிலேயே ஓட்டைப் போட்டவர்கள் அத்தனை பேரும், ஓட்டே போடாதவர்களோடு சேர்ந்து குப்பைக் கூடைக்குப் போய்விட்டார்கள். அப்படி முன்கூட்டிப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் காஃப்லின் பக்கம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கேள்வியை எழுதிக்கொடுத்தது யார்? அவளேதான். ஒவ்வொரு தேர்தலிலும் அந்தக் கேள்விக்கு ஒரு வால் உண்டு: 'அல்லது ஏற்கனவே போட்டுவிட்டீர்களா?' செப்டம்பரில் ஓட்டுச்சீட்டுகளே தபாலில் கிளம்பாததால், கேள்வி நீளமாக வேண்டாம் என்று அவள்தான் வாலை நறுக்கினாள். அக்டோபரில் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒட்டவில்லை.

எலாய்ஸ் டோர்னிடம், யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டாள்.

"காஃப்லினுக்கு. அந்தம்மாவைப் பிடிச்சுப் போடலை. அந்த ரெட்மண்ட் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது பிடிக்கலை. அதையும் எழுதிக்கோ."

அவள் கீழே இறங்கி ஓடினாள். பேக்கர்ஸ் பத்துப் புள்ளி பின்னால் இருந்தது. மதுக்கடையே சாவு வீடு மாதிரி கிடந்தது. ரோலண்டின் காதருகே குனிந்து, ஒன்பது தப்பு என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. ஆட்டத்தில்கூட அன்றைக்கு அப்படி மலரவில்லை. "வந்தியா வழிக்கு. மூணா?"

"மூணும் தெரியாது, முப்பதும் தெரியாது. அந்த நூத்தி முப்பத்தெட்டு பேரையும் திரும்பக் கேக்கணும். இன்னிக்கே."

ரோலண்ட் நெப்ராஸ்காவுக்குப் போன் செய்தார். நாளை சாயங்காலம்தான் ஆள் கிடைக்கும் என்று கையை விரித்தார்கள். அப்புறம் பெவர்லிக்கே நேரம் கேட்டுப் பார்த்தார். ஒன்பது என்ற எண் நெப்ராஸ்கா ஆட்கள் வழியாக நேற்றே பெவர்லியின் காதுக்குப் போயிருந்தது. 'ரெட்மண்ட் பாய்ச்சல்' என்று தலைப்புப் போட்டுப் பக்கமே தயாராக இருந்ததாம். இருட்டின பிறகு ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க முடியாது என்றார். ரோலண்ட் வந்து சொன்னபோது குரல் இறங்கியிருந்தது.

ஜொலீனுக்கு டோரீனின் ஞாபகம் வந்தது. முன்பு அழைப்பு வேலையெல்லாம் இதே மாடியில் நடந்தது. டோரீன் வாஸ்னிக் தலைமையில் ஆறு பெண்கள் உட்கார்ந்து பேசுவார்கள். நெப்ராஸ்கா மலிவு என்று ரோலண்ட் அவர்களை அனுப்பிவிட்டார். பழைய போன்கள் மட்டும் மூலையில் தூசி படிந்து கிடந்தன. டோரீன் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள்.

ஆட்டத்தின் பாதி இடைவேளை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டோரீன் நாலு பேரோடு மாடியேறி வந்தாள். எல்லோரும் பச்சைச் சட்டை. ஒருத்தி கையில் பிராட்வர்ஸ்ட் தொத்திறைச்சி வைத்த ரொட்டி. டோரீன், ரோலண்டைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"என்ன ஸாஸ்ட்ரோ, நெப்ராஸ்காவுல சோளம் அறுக்கப் போயிட்டாங்களா எல்லாரும்?"

ரோலண்ட் ஒரு போனைத் துடைத்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வார்?

ஜொலீன் அவர்களுக்குச் சொன்னது கொஞ்சம்தான். மூன்று கேள்வி. போடுவீர்களா, அல்லது ஏற்கனவே போட்டுவிட்டீர்களா? யாருக்கு? அதில் மாற்றம் வருமா? ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, குரலில் சந்தோஷமோ வருத்தமோ காட்டக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் அதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

கீழே மணி அடித்த மாதிரி சத்தம் அடங்கியது. இடைவேளை. இனி கொஞ்ச நேரத்துக்கு விஸ்கான்சின் முழுக்கச் சோபாவிலிருந்து எழுந்து, கழிவறைக்கும் குளிர்பெட்டிக்கும் நடக்கும். அந்த நடைக்கு நடுவே பிடித்தால் உண்டு.

ஏழு போன்கள் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தன. ஜொலீன் கையில் ஒன்று, ரோலண்ட் கையில் ஒன்று.

முதல் பதில் வந்தது. போட்டாச்சு, ரெட்மண்ட். இரண்டாவது, போட்டாச்சு, ரெட்மண்ட். மூன்றாவது ஆள் உண்மையிலேயே போடுவதாக இல்லை, இரண்டு மூஞ்சியையும் பார்க்கச் சகிக்கவில்லை என்றான். நாலாவது ரெட்மண்ட். ரோலண்ட் போனை மார்பில் அழுத்திக்கொண்டு ஜொலீனைப் பார்த்தார். கேலியாகப் பார்க்கவில்லை; பயந்துபோய்ப் பார்த்தார். ஒன்பது பத்தாகிவிட்டால் என்ன செய்வது? அவளுக்கும் சந்தேகம் வந்தது. ஒரே ஒரு கிழவியின் பேச்சைக் கேட்டு ஆடிவிட்டோமோ?

பிறகு மேடிசன் பக்கத்து எண்கள் வர ஆரம்பித்தன. போட்டாச்சு, காஃப்லின். போட்டாச்சு, காஃப்லின். ஒரு பால்பண்ணைக்காரர், நான் என்றைக்கோ போட்டுவிட்டேன், உங்கள் ஆட்கள்தான் என்னைச் செத்தவன் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று கத்தினார். ஒரு பெண், ஓட்டைப் பற்றிப் புருஷன் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள் என்று சொல்லி, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதில் சொன்னாள். காஃப்லின். இன்னொருவர் டோரீனுடைய குரலை அடையாளம் கண்டுகொண்டு, எங்கே தாயே இத்தனை நாள், நடுவில் யாரோ ரோபோ மாதிரி பேசுகிறார்கள் என்று நலம் விசாரித்தார். டோரீன் குரலில் எதையும் காட்டாமல் இரண்டாவது கேள்விக்குப் போனாள்.

முப்பத்துச் சொச்சம் பேரைப் பிடித்திருந்தார்கள், கீழே கூச்சல் கிளம்பிவிட்டது. இரண்டாம் பாதி. அதோடு போன்கள் செத்தன. அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இல்லை.

மிச்சம் நூறு பேர். ஆட்டம் முடிந்ததும் பிடிக்கலாம் என்று ஜொலீன் கணக்குப் போட்டாள். பேக்கர்ஸ் ஜெயித்தால் மாநிலமே சந்தோஷத்தில் எடுக்கும். தோற்றால் ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் ஒரு ஆட்டத்துக்காக மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

பேக்கர்ஸ் பத்துப் புள்ளியையும் மீட்டது. கடைசி விநாடியில் சமமானது. மதுக்கடை இடிந்துவிடும் போல் ஆடியது. மேலே ஏழு பேருக்கும் முகம் செத்தது. சமம் என்றால் கூடுதல் நேரம். கூடுதல் நேரம் என்றால் அவர்களிடம் இருந்த நேரம் குறைந்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் பழுக்கத் தொடங்கியிருந்தது. பெவர்லி இரண்டு முறை கூப்பிட்டார். ரோலண்ட் எடுக்கவில்லை. எடுத்தால் மூன்று என்று வாயிலிருந்து வந்துவிடும் என்று அவருக்கே பயமோ என்னவோ.

கடைசியில் எதிரணியின் பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. பேக்கர்ஸ் தோற்றது. கீழே நாற்காலி இழுபடும் சத்தம்கூட இல்லை.

"போச்சு," என்றார் ரோலண்ட்.

"அடிங்க," என்றாள் ஜொலீன்.

அடித்தார்கள். எடுத்தார்கள். அதுதான் யாரும் எதிர்பார்க்காதது. தோற்ற வீட்டில் டி.வி.யை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள், யாரையாவது திட்டலாம் என்று போனை எடுத்தார்கள். ஆட்டம்தான் போச்சு, நீ வேறயா என்றார்கள். பயிற்சியாளரைத் திட்டினார்கள், நடுவரைத் திட்டினார்கள், நடுவில் பதிலையும் சொன்னார்கள். சுருக்கமாகச் சொன்னார்கள். போட்டாச்சு. காஃப்லின். வேற என்ன? வை.

தெருவிளக்கு எரிந்தபோது தொண்ணூற்றொரு பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் பதினொரு பேர்தான் நிஜமாகவே ஓட்டுப் போடாதவர்கள். மற்றவர்கள் எல்லோரும் போட்டு முடித்தவர்கள். முக்கால்வாசிக்கு மேல் காஃப்லின். ஜொலீன் அவர்களை அவரவர் இடத்தில் சேர்த்து, பிடிக்க முடியாதவர்களுக்கும் அதே விகிதத்தில் எடை கொடுத்துக் கணக்கை ஓட்டினாள். திரையைப் பார்த்தாள். திரும்ப ஓட்டினாள். அதே விடை.

ரெட்மண்ட் நாற்பத்தெட்டு. காஃப்லின் நாற்பத்தெட்டு.

ரோலண்ட் பின்னால் வந்து நின்று பார்த்தார். முதலில் மெதுவாகச் சிரித்தார், பிறகு நாற்காலியில் விழுந்து சிரித்தார்.

"பார்த்தியா ஜோ? உன் மனசாட்சியும் என் பேனாவும் கடைசியில ஒரே இடத்துலதான் வந்து நிக்குது. நான் காலையிலயே தட்டியிருந்தா இந்த அலைச்சலே மிச்சம்."

"நீங்க தட்டியிருந்தா மூணு."

"மந்தைக்குள்ளதானே? மூணானா என்ன, சைபரானா என்ன? இப்ப எல்லாரும் சொல்றதையே நாமளும் சொல்றோம். ஜாம் ஜாம்னு தூங்கலாம். பெவர்லிகிட்ட, கடைசியா சில பேட்டி வந்துச்சு, சேர்த்தோம், சமமாயிடுச்சுன்னு சொல்லு. பொய்யும் இல்ல."

பொய் இல்லைதான். ஜொலீன் அதை யோசித்துப் பார்த்தாள். கடைசியாகச் சில பேட்டிகள் வந்தன. உண்மை. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. சமம் என்று போட்டால் யாரும் அவளைத் தனியாகப் பிடிக்க மாட்டார்கள். டோரீனும் மற்றவர்களும் கோட்டுகளை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றார்கள். 

போன் அடித்தது. பெவர்லி. இந்தத் தடவை ஜொலீனே எடுத்தாள். எண்ணைச் சொன்னாள்.

 பெவர்லி ஆம்ஸ்டட் பேசினார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் உறைத்தது.

"நேத்து ஒன்பது. இன்னிக்கு ஊரே சொல்ற சமம். ஜொலீன், உங்களுக்காக நான் இங்க எத்தனை பேர்கிட்ட வாதாடினேன்னு தெரியுமா? யாரு பயமுறுத்தினா? ஸாஸ்ட்ரோவா, இல்ல காஃப்லின் ஆளுங்களா?"

"யாரும் பயமுறுத்தலை."

"அப்ப எப்படி ஒரே நாள்ல ஒன்பது புள்ளி ஆவியாகும்?"

ரோலண்ட் எதிரே உட்கார்ந்து உதட்டை அசைத்தார். கடைசிப் பேட்டிகள், கடைசிப் பேட்டிகள். அவள் அவரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பதிலைச் சொன்னால் பெவர்லி நம்ப மாட்டார், ஆனாலும் அச்சடிப்பார். எண் நிற்கும். அது அவள் தட்டிச் சரிசெய்த எண் என்றுதான் இந்த ஊர் கடைசிவரை நினைக்கும். உண்மையைச் சொன்னால் எண்ணை நம்புவார்கள். அவளை நம்புவார்களா?

"கேள்வி தப்பு," என்றாள். "ஓட்டுப் போடுவீங்களான்னு கேட்டோம். போட்டுட்டீங்களான்னு கேக்கலை. போட்டவங்க எல்லாரும் 'இல்ல'ன்னு சொன்னாங்க. நாங்க போனை வெச்சிட்டோம். இன்னிக்கு அவங்களைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டோம்."

பெவர்லி அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது கேட்டது. திடீரென்று மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது, உடனே அடக்கிக்கொண்டார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே. அவர் அம்மாவும் அப்படித்தான் 'இல்ல' என்று சொல்லியிருப்பார்.

"இது வெளியில தெரியாம எண்ணை மட்டும் போட்டுடலாம்," என்றார் பிறகு. "எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா இதைச் சொல்லிப் போட்டா, இனிமே உங்களை இங்க வெச்சுக்க முடியாது. மேல இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க. இதுவே கடைசியாயிடும்."

ரோலண்ட் பேச்சின் போக்கை ஊகித்து எழுந்து நின்றுவிட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த மாடியும் மேஜையும் அவருடைய கடைசிப் பிடிமானம். ஆனால் அந்த வரியில் இருந்த பெயர் அவருடையது அல்ல.

"சொல்லியே போடுங்க, பெவர்லி."

"உறுதியா?"

"நேத்து ஒன்பதைக் கேள்விப்பட்டவங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. அவங்க ஒவ்வொருத்தரும், ஷிமெக் பயந்து மாத்திட்டாள்னு சொல்வாங்க. தப்புப் பண்ணவள்னு சொல்லட்டும். பரவாயில்ல."

பெவர்லி தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. ஒரு பெட்டி போடலாம், எண்ணுக்குப் பக்கத்திலேயே, முதல் பக்கத்திலேயே என்றார். ஜொலீன் வாசகத்தைச் சொன்னாள். மூன்று வரி. அதில் 'துரதிர்ஷ்டவசமாக' என்று பெவர்லி சேர்க்கப் பார்த்தார். வேண்டாம், அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலையில்லை என்றாள் ஜொலீன். நிறுவனத்தின் தவறு என்று போடட்டுமா, இல்லை நெப்ராஸ்கா ஆட்களைச் சொல்லட்டுமா என்று பெவர்லி கேட்டார்.

"கேள்வியை எழுதினது நான். என் பேரைப் போடுங்க."

ரோலண்ட் சட்டென்று திரும்பி, மாடிப்படியில் தடதடவென்று இறங்கிப் போனார். கீழே கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. டோரீன் மட்டும் போகாமல் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"பேரைச் சரியா சொல்லுங்க," என்றார் பெவர்லி. "போன தடவை தப்பா அச்சாயிடுச்சு."

ஜொலீன் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எஸ்," என்றாள். "எஸ்ஸுக்கு அடுத்தது இசட். அதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. எஸ், இசட், ஒய், எம், இ, கே. ஒருதரம் திருப்பிப் படிங்க, பெவர்லி."

பெவர்லி ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிப் படித்தார். சரியாக இருந்தது.